தீபாவளிக்கு யாருக்கு லீவு?



இந்த மாதப் பாடத்தை மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். வீட்டில் பிள்ளைகள் சத்தமாக வாசித்தால் இன்னும் நல்லது. ஆண்களும் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

தீபாவளி என்றாலே நமக்கெல்லாம் ஒரு சந்தோஷம்தான். ஐப்பசி மழையில் மலையே மூடிக் கிடக்கும். படங்கு கட்டிக்கொண்டு, அட்டைக் கடியோடு கொழுந்து எடுக்கும்போதே மனசு எண்ணெய்ச் சட்டிக்குப் போய்விடும். கொழும்பில் கடையில் நிற்கிற மகன் வருவான், கார்மென்டில் வேலை செய்கிற மகள் வருவாள். லயத்தில் ஒரு காம்பராவில் பலகாரம் சுட்டால் பத்துக் காம்பராவுக்கும் வாசம் அடிக்கும். இந்தச் சந்தோஷத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. "கடன் வாங்காதீர்கள், செலவு செய்யாதீர்கள்" என்று வருஷா வருஷம் சொல்லி எங்களுக்கே வாய் வலித்துப் போய்விட்டது. கேட்ட உங்களுக்கும் காது புளித்திருக்கும். வருஷம் முழுவதும் மலையில் நின்றவர்கள் ஒரு நாள் புதுத்துணி உடுத்தி, கறி ஆக்கிச் சாப்பிடுவதை ஆடம்பரம் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

நாங்கள் சொல்ல வந்தது வேறு. நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு மறுநாள் காலையில், ஒரு தாயை நாலு பேர் தாங்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். வயது நாற்பது இருக்கும். பீலியடியில் தண்ணீர்க் குடத்தோடு மயங்கி விழுந்துவிட்டார். பிரஷர் பார்த்தால் ஏறிப்போய் நிற்கிறது. மாத்திரை போட்டீர்களா என்று கேட்டால், முடிந்து ஐந்து நாள் ஆகிறது என்றார். கிளினிக் நாளன்று மலையில் கொழுந்து நிறைய இருந்ததாம். போனால் அன்றையப் பேர் போய்விடும், தீபாவளி நேரத்தில் ஒரு பேரை விட முடியுமா என்று போகாமல் விட்டிருக்கிறார்.

கொஞ்சம் தெளிந்த பிறகு அந்த நாலைந்து நாளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தோம். விடிய நாலு மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பி, பெரட்டுக்கு ஓடியிருக்கிறார். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் சுவருக்குச் சுண்ணாம்பு, அடுப்படிக்கு மெழுகல், பெட்சீட் துணிமணி எல்லாம் பீலியில் துவைப்பு. மழையில் காயாத துணியை அடுப்புக்கு மேலே கட்டிக் காய வைப்பது. மற்றவர்கள் படுத்த பிறகு முறுக்கு, அதிரசம். தீபாவளிக்கு முதல்நாள் ராத்திரி படுத்ததே இரண்டு மணிக்கு. திரும்ப நாலு மணிக்கு எழும்பி எல்லாருக்கும் எண்ணெய் முழுக்குக்குச் சுடுதண்ணி வைத்திருக்கிறார். பகலில் கறி, சோறு, வந்த சனத்துக்குத் தேத்தண்ணி. இந்தத் தாய் தன்னுடைய புதுச்சீலையை உடுத்தியது பின்னேரம் நாலு மணிக்கு. அரை மணித்தியாலத்தில் மாற்றிவிட்டாராம், பாத்திரம் கழுவ.

புருஷன் மோசமான ஆள் என்று நினைக்காதீர்கள். குடிக்கிறவர் அல்ல, கவ்வாத்து மலையில் நல்ல வேலைக்காரர் என்று பெயர் எடுத்தவர். டிஸ்பென்சரி வாசலில் நின்றுகொண்டு, "செய்யச் சொன்னா நான் செஞ்சிருப்பேனேங்க ஐயா. ஒரு வார்த்த சொல்லலியே" என்று கண் கலங்கினார். உள்ளே அந்த அம்மா எங்களிடம் சொன்னது இது: "நல்ல நாளும் அதுவுமா முடியல, முடியலன்னு எப்படிங்க ஐயா சொல்றது?"

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் இந்தப் பாடம் இருக்கிறது. ஒருவர் சொல்லவில்லை, மற்றவர் கேட்கவில்லை. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாத ஒரு நல்ல குடும்பத்திலேயே இப்படி நடந்தது.

எங்கள் பங்கும் அதில் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. தீபாவளிக்கு முதல்நாள் பின்னேரம் கோலப் போட்டி வைத்தது நாங்கள்தான். எல்லாத் தாய்மாரும் கட்டாயம் வர வேண்டும் என்று பெரட்டுக்களத்தில் அறிவித்ததும் நாங்கள்தான். பொழுது இறங்கும்வரை அவர்களை மழைத்தூறலில் நிறுத்திவைத்தோம். அந்த அம்மாவும் வந்திருந்தார். போட்டோவில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

மனதில் பாரம் ஏறினால் அது உடம்பில் காட்டும். தூக்கம் வராது, அல்லது படுத்ததும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கி நடுச்சாமத்தில் முழிப்பு வரும். பிடரி வலி, தலையிடி, நெஞ்சு படபடப்பு, வயிற்றெரிவு. சின்னப் பிள்ளை ஒரு தம்ளரைத் தட்டிவிட்டால்கூடக் கை ஓங்குவது. இதையெல்லாம் "பண்டிகைக் களைப்பு" என்று தள்ளிவிடுகிறோம். பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத் தூக்கம் குறைந்து, மாத்திரையும் விட்டுப்போனால் விளையாட்டுக் காரியமல்ல. தீபாவளி வாரத்தில் கிளினிக் நாள் வந்தால் அதற்கு முந்திய வாரமே மாத்திரை எடுத்து வைத்துக்கொள்ள முடியுமா என்று டிஸ்பென்சரியில் கேளுங்கள். சீனி வருத்தக்காரர்கள் பலகாரத்தை ருசி பார்க்கக் கூடாது என்றில்லை. ஆனால் சுடுகிற கை சும்மா இருக்காது, சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பத்து அதிரசம் உள்ளே போய்விடும். அதைக் கவனியுங்கள்.

இனி, என்ன செய்யலாம் என்று பார்ப்போம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் உள்ள எல்லாரும் கீழே உட்காருங்கள். டீவியை நிறுத்திவிடுங்கள், போனையும் ஒதுக்கி வையுங்கள். வேலையைப் பற்றியும் காசைப் பற்றியும் வாய்விட்டுப் பேச வேண்டும்.

முதலில் வேலை. செய்ய வேண்டியதை எல்லாம் ஒரு பிள்ளை கொப்பியில் எழுதட்டும். சுண்ணாம்பு அடிப்பது யார், விறகு சேர்ப்பது யார், தேங்காய் திருவுவது யார், டவுனுக்குப் போவது யார். எழுதிய பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயர் போடச் சொல்லுங்கள். நாங்கள் சில வீடுகளில் இப்படிச் செய்து பார்த்தோம். ஒரு வீட்டில் பதினேழு வேலையில் பதினான்குக்கு அம்மா பெயரே வந்தது. எழுதிய மகனே வெட்கப்பட்டுப் போனான். வாயால் ஆயிரம் சொன்னாலும் வராத வெட்கம் கொப்பியைப் பார்த்ததும் வந்துவிட்டது. பலகாரத்தைத் தனியாகச் சுடாமல் மூன்று காம்பராக்காரர் சேர்ந்து ஒரே அடுப்பில் சுடுவது நம் பெரியவர்கள் காலத்தில் வழக்கமாக இருந்தது. ஒருவர் மா பிசைய, ஒருவர் பிழிய, ஒருவர் சட்டியைப் பார்க்க, பேச்சும் சிரிப்புமாக ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். இப்போது ஏனோ ஆளுக்கொரு சட்டி. அதிலும் ஒரு போட்டி.

அடுத்தது காசு. தீபாவளி முற்பணம் போனஸ் அல்ல. நம்முடைய நாளைய சம்பளத்தை இன்றைக்கு வாங்குகிறோம். உதாரணத்துக்கு ஒருவர் 20,000 ரூபா எடுத்து, பத்து மாதத்தில் கழிப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 ரூபா பிடிப்பார்கள். புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் எடுத்தால் வீட்டுக்கு மாதம் 4,000 ரூபா குறையும். சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் காசு, தேயிலைத்தூள் எல்லாம் போன பிறகு மிஞ்சுவதில்தான் இதுவும் போகிறது. தீபாவளி முடிந்து மூன்று மாதத்துக்குள் தைப்பொங்கல் வந்துவிடும். புது வகுப்புக்குக் கொப்பி, சப்பாத்து வேறு. தோட்டத்துக்குத் தோட்டம் தொகையும் தவணையும் மாறும். ஆகவே உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து, உங்கள் கணக்கைப் போடுங்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டே போடுங்கள்.

பிள்ளைகளுக்கு எதற்குக் கஷ்டத்தைக் காட்ட வேண்டும் என்று சில தகப்பன்மார் கேட்பார்கள். காட்டாவிட்டாலும் அவர்களுக்குத் தெரியும். ஒரே காம்பராவில் படுக்கிற பிள்ளைக்கு ராத்திரி அம்மாவும் அப்பாவும் குசுகுசுவென்று பேசுவது கேட்காதா? சாதாரணதரம் படிக்கிற ஒரு பிள்ளை எங்களிடம் சொன்னாள்: "எனக்குச் சட்ட வேணாம் சேர், கணக்கு கிளாசுக்குக் காசு கட்டினா போதும். சொன்னா அப்பா கவலப்படுவாரு." அந்த அப்பா மகளுக்குச் சட்டை எடுக்கவென்று வாரக் கடன் கொடுக்கிறவர்களிடம் கையெழுத்துப் போட்டிருந்தார். மகளுக்காகத் தகப்பனும், தகப்பனுக்காக மகளும் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். இடையில் வட்டிக்காரர் லாபம் பார்த்தார்.

தோட்டை அடகு வைத்திருந்தாலும், சீட்டுக் காசை எடுத்திருந்தாலும், அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு ஒரு சண்டை வரும். வரட்டும். தீபாவளியன்று விருந்தாட்கள் முன்னால் வருகிற சண்டையைவிட அது எவ்வளவோ மேல்.

கொழும்பிலிருந்து வருகிற பிள்ளைகளைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். காலை எட்டு மணிக்குக் கடை திறந்து ராத்திரி பத்து மணிவரை நின்றே வேலை செய்கிற பையன், முதலாளியிடம் கெஞ்சி இரண்டு நாள் லீவு வாங்கி, ஹட்டன் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வருகிறான். படியேறி வந்து பையை வைத்ததும் "என்னா தம்பி கொண்டு வந்த?" என்று லயமே கேட்கிறது. அடுத்த வீட்டுப் பையன் பெரிய டீவி கொண்டு வந்துவிட்டான் என்றால் கேட்கவே வேண்டாம். கடன் வாங்கிச் சாமான் கொண்டு வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று தாய்தகப்பனுக்குத் தெரியாது. வந்த பிள்ளையை முதலில் சாப்பிட வைத்து, தூங்க விடுங்கள். அவனுக்கும் அது ஒன்றுதான் லீவு.

குடியைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. தீபாவளி ராத்திரி லயத்தில் நடக்கிற சண்டைகளில் அநேகமானவை போத்தலில் இருந்துதான் கிளம்புகின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். அடி விழுகிற வீட்டில் உள்ள பெண்கள் விடியும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. 1938 என்ற இலக்கத்துக்குப் பேசலாம், அது பெண்களுக்கான உதவி இலக்கம்.

எல்லா வீட்டிலும் தீபாவளி ஒரே மாதிரி வருவதில்லை. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் சட்டி வைக்க மாட்டார்கள். அந்த வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராவிலிருந்து பலகாரம் போகும். இது நம்மிடம் இருக்கிற நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். தாய் வெளிநாட்டுக்குப் போன வீட்டையும் அப்படியே பார்க்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அங்கே சட்டை வரும், சாமான் வரும், போனில் அம்மா முகமும் வரும். ஆனால் தலையில் எண்ணெய் வைக்க ஆள் இருக்காது. காலையில் உங்கள் பிள்ளைக்கு எண்ணெய் வைக்கும்போது அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

பண்டிகை முடிந்த பிறகு வருகிற அமைதியும் சிலருக்குப் பாரம்தான். பிள்ளைகளை பஸ் ஏற்றிவிட்டு வந்து, திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிற கிழவன் கிழவியை எல்லா லயத்திலும் பார்க்கலாம். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு வாரமாகியும் சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, இருந்தென்ன பிரயோசனம் என்ற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் அதைச் சும்மா விடக்கூடாது. டிஸ்பென்சரிக்குக் கூட்டி வாருங்கள், அல்லது எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். அதற்கும் பேசலாம். பைத்தியம் என்று யாரும் எழுதி வைக்க மாட்டார்கள்.

மயங்கி விழுந்த அந்த அம்மாவின் வீட்டுக்கு அடுத்த வருஷம் தீபாவளிக்கு மறுநாள் போயிருந்தோம். புருஷன் பிழிந்த முறுக்கைத் தட்டில் கொண்டு வந்து வைத்தார். கோணல்மாணலாக, ஒன்று தடியாக ஒன்று கருகலாக இருந்தது. மகன் அப்பாவைக் கேலி செய்துகொண்டிருந்தான். அம்மா எங்கே என்று கேட்டோம். உள்ளே தூங்குகிறார் என்றார்கள். அப்போது மணி ஒன்பதரை. எழுப்ப வேண்டாம் என்று சொல்லி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

இந்த வருஷம் கோலப் போட்டி தீபாவளிக்கு முதல்நாள் இல்லை. தீபாவளி கழிந்து வருகிற இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, பிள்ளைக் காம்பரா முற்றத்தில் நடக்கும். ஆண்களும் சேரலாம். பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் பிள்ளைக் காம்பரா அம்மாவிடம் கொடுக்கவும். விருப்பமில்லாதவர்கள் வர வேண்டிய கட்டாயம் இல்லை.