நகரத்து வானத்தில் மங்கலான வால்மீனைப் பிடிப்பது எப்படி?



‘இன்றிரவு வால்மீன் தெரியும், ஒளித்தரம் 4’ என்று பேப்பரில் செய்தி வரும். நாமும் ஆசையாக ஹாஸ்டல் மொட்டை மாடிக்கு ஓடுவோம். அரை மணி நேரம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஒண்ணையும் காணோமேடா மாப்ளே, சும்மா கதை விட்டிருக்கானுங்க!” என்று இறங்கி வந்துவிடுவோம். செய்தியும் பொய்யில்லை, நம் கண்ணிலும் கோளாறில்லை. பின் எங்கே இடிக்கிறது?

கணக்கு என்ன சொல்கிறது?

விர்ட்டானன் என்ற வால்மீனை எடுத்துக்கொள்வோம். 1948-ல் அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் கார்ல் விர்ட்டானன் கண்டுபிடித்தது. 2018 டிசம்பர் 16-ல் அது பூமியிலிருந்து சுமார் 1 கோடியே 16 லட்சம் கி.மீ. தூரத்தில், கார்த்திகைக் கூட்டத்துக்கும் ரோகிணிக்கும் நடுவே வந்தது. ஒளித்தரம் சுமார் 4.

நாலாம் தர நட்சத்திரம் என்றால் வெறும் புள்ளி. வால்மீனோ புகைமூட்டம் போலப் பரவியது. விர்ட்டானனின் தலைப்பகுதி ஏறத்தாழ ஒரு பாகை அகலம். அதாவது முழுநிலாவைப் போல இரண்டு மடங்கு. ஒரு பாகைக்கு 3600 விகலை. அந்த அகல வட்டத்தின் பரப்பு சுமார் ஒரு கோடி சதுர விகலை. ஒளியை அத்தனை இடத்துக்கும் பங்கு போட்டால், ஒரு சதுர விகலைக்குக் கிடைப்பது ஒளித்தரம் 21.5 மட்டுமே! (எண் கூடினால் ஒளி குறைவு என்பதை மறக்கக் கூடாது.)

விளக்குகள் நிறைந்த பெருநகர வானமே சதுர விகலைக்கு 18 அளவில் ஒளிர்கிறது. வித்தியாசம் 3.5, மடங்கில் சொன்னால் 25. வானம் 25 ரூபாய் வெளிச்சம் தரும் இடத்தில் வால்மீன் 1 ரூபாயைச் சேர்க்கிறது, அவ்வளவுதாங்க! ஆகவே நாம் தேட வேண்டியது பிரகாசத்தை அல்ல, இந்தச் சிறு வித்தியாசத்தை. நல்ல வேளையாக நடுப்பகுதி சற்றுச் செறிவாக இருக்கும். நகரத்தில் கண்ணில் படுவது அதுதான்.

எப்படிப் பார்ப்பது?

1. நேரம்: நிலா இருக்கக் கூடாது. மேற்சொன்ன நாளில் வளர்பிறை அரை நிலா; அது நள்ளிரவுக்குப் பிறகுதான் மறைந்தது. விவரம் தெரிந்தவர்கள் அதுவரை பொறுத்திருந்திருப்பார்கள். வால்மீன் அடிவானத்தை விட்டு நன்றாக மேலே இருக்கட்டும். மழை பெய்து ஓய்ந்த இரவு மிக நல்லது, தூசி அடங்கியிருக்கும். மின்வெட்டு வந்தால் திட்டாதீர்கள், மாடிக்கு ஓடுங்கள்!

2. கண்: இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். தெருவிளக்கு நேரே படாமல் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நில்லுங்கள். செல்போனைத் தொடவே கூடாது. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டிக்கொள்ளுங்கள்.

3. கருவி: 7×50 அல்லது 10×50 பைனாகுலர் போதும். பெரிய டெலஸ்கோப் வால்மீனின் ஒளியோடு வானத்தின் ஒளியையும் சேர்த்தே திரட்டும், விகிதம் மாறாது. பைனாகுலரில் வால்மீனையும் சுற்றியுள்ள வானத்தையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம். முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டால் ஆடாது.

4. வழி: தெரிந்த நட்சத்திரத்தில் தொடங்கி, வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தாண்டிப் போங்கள். இடம் துல்லியமாகத் தெரியாமல் தேடினால் விடிந்துவிடும்.

5. ஓரப்பார்வை: மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் உள்ளன. எனவே நேரே முறைக்காமல் சற்றுத் தள்ளிப் பாருங்கள். பைனாகுலரை லேசாகத் தட்டுங்கள். அசையும்போது மங்கலான திட்டு சட்டென்று பிடிபடும்.

பார்த்தது வால்மீன்தானா?

18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வால்மீன் தேடிய சார்லஸ் மெஸ்ஸியே, வால்மீன் போலவே தோன்றி ஏமாற்றும் பொருள்களுக்கு ஒரு பட்டியலே போட்டார். இன்று அதில் 110 பொருள்கள் உள்ளன. அவை நட்சத்திரங்களுக்கிடையே இடம் மாறா, வால்மீன் மாறும். எனவே பார்த்ததை நோட்டில் படமாக வரையுங்கள். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ மீண்டும் வரையுங்கள். திட்டு நகர்ந்திருந்தால் வெற்றி! தெரியவில்லையென்றால் ‘தெரியவில்லை’ என்றே நேரத்தோடு எழுதுங்கள். நண்பன் பார்த்துவிட்டான் என்பதற்காக நாமும் பார்த்ததாகச் சொல்வது விஞ்ஞானம் ஆகாது.

நம் கையில் இருப்பது

வானாய்வுக்கு இருண்ட வானம் தேடி ஜவ்வாது மலையில் காவலூருக்குப் போனார்கள். எல்லோரும் மலைக்குப் போக முடியுமா? ஆனால் நாளை தெருவிளக்கு மாட்டப் போகிறவர்கள் நம் எலக்ட்ரிகல் நண்பர்கள்தானே! மேலே போகும் வெளிச்சம் யாருக்கும் வழி காட்டுவதில்லை, கரண்ட் பில்லைத்தான் கூட்டுகிறது. விளக்குக்கு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்புங்கள். பாதையும் தெரியும், நம் தம்பி தங்கைகளுக்கு வால்மீனும் தெரியும்!