காலிக் குழிகளை எண்ணு

கண்ணு, முதல்முதலாக ஒரு குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாய். நான் நாற்பது வருஷமாக நாய் வளர்க்கிறேன். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேள்.

1. மாத்திரை அட்டையை அது கடித்துக் கிழித்திருந்தால் அதட்டாதே. பயந்தால் வாயில் இருப்பதையும் விழுங்கிவிட்டுக் கட்டிலுக்கடியில் ஒளியும். சிதறியதைப் பொறுக்கு. காலிக் குழிகளை எண்ணி, வீட்டார் சாப்பிட்டதையும் பொறுக்கியதையும் கழி. கணக்கு உதைத்தால், காணாததெல்லாம் நாய் வயிற்றில் என்றே வைத்துக்கொள்.

2. வைத்தியரிடமும் வக்கீலிடமும் மறைக்காதே என்பார்கள். நான் மறைத்தேன். என் மணி பன்னிரண்டு கிலோ. முட்டிவலிக்கு நான் வாங்கி, மெத்தைமேல் போட்டிருந்த ஐபுபுரூஃபன் 400-இல் ஆறு மாத்திரையைத் தின்றுவிட்டது. என் அஜாக்கிரதை வெளியில் தெரியுமே என்ற வெட்கத்தில், டாக்டரிடம் "ஒண்ணோ ரெண்டோ" என்றேன். அவரும் அதற்கேற்ற மருந்தைத்தான் கொடுத்தார். ஒரு மாத்திரை அதன் வயிற்றைப் புண்ணாக்கும். ஆறு சிறுநீரகத்தையே கெடுக்கும். மூன்றாம் நாள் கறுப்பாகக் கழிந்தது. பிறகு சிறுநீர் நின்றது. அப்புறம்தான் உண்மையைச் சொன்னேன்.

3. வாந்தியெடுக்கட்டும் என்று உப்புத் தண்ணீர் புகட்டாதே. உப்பு ரத்தத்தில் ஏறி வலிப்பு வரும். மயங்கிய நாயை வாந்தியெடுக்க வைத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். வாந்திக்கு டாக்டரிடம் ஊசி இருக்கிறது. பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்தான் அதற்குப் பலன். போகும்போதே போன் செய். அட்டையை எடுத்துக்கொள், நாயின் எடையையும் தின்ற நேரத்தையும் சொல்.

4. "வாலாட்டிக்கொண்டுதானே இருக்கிறது" என்று உட்கார்ந்துவிடாதே. பாராசிட்டமால் கிலோவுக்கு 100 மில்லிகிராம் போனாலே கல்லீரலுக்கு ஆபத்து. பத்துக் கிலோ நாய்க்கு இரண்டு 650 அதைத் தாண்டிவிடும். சில சர்க்கரை நோய் மாத்திரைகளால் ரத்தச் சர்க்கரை சரிந்து நாய் சுருண்டு விழும்.

5. நாய்க்குக் காய்ச்சல் என்று உன் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்காதே. பூனைக்கும் கொடுக்காதே, அதற்குப் பாராசிட்டமால் ஒன்றே எமன்.

6. வீட்டில் மாத்திரையைத் தவறவிட்ட பெரியவரைத் திட்டாதே. திட்டு வாங்கியவர் அடுத்த முறை ஒளிப்பார், நான் ஒளித்தேனே. மூடி இறுக்கமான சம்படம் ஒன்று வாங்கிக் கொடு. நாய் எட்டாத உயரத்தில், அவர் கை எட்டும் இடமாகப் பார்த்து வை.