ஊர்ப் பொதுவேலைக்கு நிதி: யாரிடம் எதைக் கேட்பது?

கண்மாய் மடை உடைந்து கிடக்கிறது. அரசுப் பள்ளியில் கழிப்பறை போதவில்லை. மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். இளைஞர் மன்றமோ மகளிர் குழுவோ இப்படி ஒரு வேலையைக் கையில் எடுத்தால், பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி உடனே வந்துவிடும். பல ஊர்களில் ஒரே மனுவை நகலெடுத்து, தெரிந்த இடத்துக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். பதில் வருவதில்லை, வேலையும் ஆறிப்போகிறது. எந்த நிதியாக இருந்தாலும் அதற்கென்று ஒரு முன்னுரிமை உண்டு, அது தொடவே தொடாத செலவும் உண்டு. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

செலவைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். கட்டடம், தூர்வாருதல், மேசை நாற்காலி போன்ற ஒருமுறைச் செலவு முதல் பத்தி. சம்பளம், மதிப்பூதியம் போன்ற ஆள் செலவு இரண்டாவது. மின்கட்டணம், பழுதுபார்ப்பு, சுத்தம் செய்தல் போன்ற பராமரிப்புச் செலவு மூன்றாவது. முதல் பத்திக்குப் பணம் தரப் பலர் இருக்கிறார்கள். இரண்டாவதற்குச் சிலர்தான். மூன்றாவதற்கு அநேகமாக யாருமில்லை. நிதியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

நமக்கு நாமே திட்டம்

தமிழக அரசு 1997இல் தொடங்கிய திட்டம் இது. 2011 முதல் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021இல் பழைய பெயரிலேயே மீண்டும் வந்தது. மதிப்பீட்டில் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். மீதியை அரசு தரும். ஊரில் கொஞ்சம் பணமும் ஒற்றுமையும் இருந்தால் இதைவிட உறுதியான வழி குறைவு. பள்ளிச் சுற்றுச்சுவர், நூலகக் கட்டடம், நீர்நிலை போன்ற பொதுச் சொத்துகளுக்கு ஏற்றது. சம்பளத்துக்கு இதில் இடமில்லை. ஏழை ஊருக்கு அந்த மூன்றில் ஒரு பங்கே பெரிய சுமை என்பதையும் கணக்கில் வையுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களிடம் அதற்காகவே வசூல் செய்த பிறகு விண்ணப்பிப்பது நல்லது.

தொகுதி மேம்பாட்டு நிதி

சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி ரூபாய் என்ற ஒதுக்கீடு உண்டு. உறுப்பினர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் அனுமதி தந்து அரசுத் துறைகள் வழியாக வேலையை நடத்தும். உங்கள் கையிலிருந்து பங்கு கட்ட வேண்டியதில்லை என்பது இதன் பலம். நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் குறைந்தது 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் போக வேண்டும். உங்கள் பகுதிக்கு அந்த உரிமை இருந்தால் மனுவின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள். ஆனால் இங்கும் நிலையான சொத்துக்குத்தான் பணம். எந்த வேலை முந்தும் என்பது உறுப்பினரின் முடிவு என்பதால், கிராமசபைத் தீர்மானத்தோடு போவது உங்கள் கோரிக்கைக்கு எடை கூட்டும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதி

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எனவே பெரிய பெயர்களைத் தேடிச் சென்னைக்குப் போகுமுன், உங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஆலைகளைப் பட்டியலிடுங்கள்.

திட்டம் தொடங்கும் ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டு வரை தொடர்பணியாக நடத்தலாம் என்பதால், ஆசிரியர் மதிப்பூதியம் போன்ற ஆள் செலவையும் இங்கே பேசிப் பார்க்கலாம். தடை வேறு இடத்தில் இருக்கிறது. பணத்தைப் பெற்று வேலை செய்யும் அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்.-1 பதிவும் வேண்டும். பொதுவாக மூன்றாண்டு அனுபவமும் கேட்பார்கள். புதிதாகத் தொடங்கிய மன்றம் நேரே போய் நிற்க முடியாது. தகுதியுள்ள ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து செய்யுங்கள். மார்ச் 31இல் கணக்கு முடிகிறது. கடைசி மாதத்தில் ஓடாமல் ஆண்டின் தொடக்கத்திலேயே அணுகுங்கள்.

வேலை அரசுப் பள்ளிக்கென்றால், 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் நேர்வழி. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அதன் வழியாகப் பள்ளிக்கு உதவலாம்.

வட்டார அறக்கட்டளைகள்

ஒரு வட்டாரத்தையே களமாகக் கொண்ட அமைப்புகளின் முன்னுரிமை மிகத் தெளிவாக இருக்கும். கோவையில் 2003இல் தொழில்துறையினர் முன்னின்று தொடங்கிய சிறுதுளி, நொய்யலையும் குளங்களையும் மையமாக வைத்தது. 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ மரம் வளர்ப்பை எடுத்துக்கொண்டது; மரக்கன்று கேட்கும் நில உரிமையாளரிடம் தண்ணீருக்கும் வேலிக்கும் வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் நட முன்வருகிறது.

அந்த நிபந்தனையில் ஒரு பாடம் இருக்கிறது. நல்ல அறக்கட்டளை தான் போன பிறகு யார் கவனித்துக்கொள்வார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கும். உங்கள் விண்ணப்பத்தின் கனமான பகுதியும் அதுவாகவே இருக்கட்டும். ஓர் அறக்கட்டளையின் முன்னுரிமையை அறிய அதன் அறிக்கையைவிட, கடந்த சில ஆண்டுகளில் யாருக்கு, எதற்கு, எவ்வளவு தந்தது என்ற பட்டியல் உதவும். அறிக்கையில் ‘கல்வி’ என்று எழுதியிருக்கும். பட்டியலில் உதவித்தொகை மட்டுமே இருக்கும். அங்கே கட்டடம் கேட்டு உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். விதிகள் தளர்வாக இருப்பதால், மனம் ஒத்துப்போனால் சிறிய தொகையாவது ஆள் செலவுக்குக் கிடைக்க வாய்ப்புள்ள இடமும் இதுதான்.

வெளிநாட்டு நிதியைச் சிறு குழுக்கள் இப்போதைக்கு மறந்துவிடலாம். அதைப் பெறுவதற்கான வழக்கமான பதிவுக்கு மூன்றாண்டு வயதும், அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் வேண்டும். அதற்கான சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற ஒரு நிறுவனம் தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது.

எதற்கு எது?

கண்மாய், குளம்: வட்டார அறக்கட்டளையையும் நமக்கு நாமே திட்டத்தையும் முதலில் பாருங்கள். நீர்நிலை எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறதோ அதன் அனுமதி இல்லாமல் மண்வெட்டி வைக்காதீர்கள். 2018 கஜா புயலுக்குப் பின் பேராவூரணி இளைஞர்கள் ‘கைஃபா’ என்ற அமைப்பாகச் சேர்ந்து, நன்கொடை திரட்டிப் பெரிய ஏரியைத் தூர்வாரினார்கள். வேலை கண்முன் நடந்தால் பணம் பின்னாலேயே வரும் என்பதற்கு அது சான்று.

பள்ளிக் கட்டடம், கழிப்பறை: நம்ம ஸ்கூல் திட்டம், தொகுதி நிதி, பக்கத்து ஆலை.

மாலை வகுப்பு, தனித்திருக்கும் முதியோரை வீட்டில் போய்க் கவனித்தல்: இவற்றுக்கு ஆள்தான் முதல். அரசு நிதியைத் தேடி அலையாமல், சி.எஸ்.ஆர். தொடர்பணியையும் வட்டார அறக்கட்டளையையும் நாடுங்கள்.

எந்த வழியில் போனாலும் தேவைப்படுபவை சில: கிராமசபைத் தீர்மானம், பொறியாளர் தந்த மதிப்பீடு, இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, எல்லாரும் பார்க்கும்படி பலகையில் எழுதிய வரவுசெலவு. ரசீது இல்லாத ஒரு செலவு அடுத்த பத்து ஆண்டு உதவியைக் கெடுத்துவிடும்.

கடைசியாக, ஊரில் திரட்டிய பணத்தை என்ன செய்வது? பெரும்பாலான ஊர்கள் அதை முழுக்கக் கட்டடத்தில் போட்டுவிட்டு, பிறகு விளக்குக் கட்டணத்துக்கும் ஆள் சம்பளத்துக்கும் தவிக்கின்றன. நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். கட்டடத்துக்கு வெளியே பணம் கிடைக்கும். கட்ட வேண்டிய பங்கை மட்டும் கட்டுங்கள். மீதி ஊர்ப்பணத்தை, நூலகத்தைத் தினமும் திறக்கும் பெண்ணுக்கும், மடையைப் பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டிக்கும் மாதாமாதம் கொடுங்கள். வேறு யாரும் எளிதில் தராத அந்தப் பணத்தால்தான் மற்ற எல்லா நிதியும் பயன் தரும்.