பணம் கட்டும் முன் பொருள் தெரிய வேண்டும்: வீடியோ கேம் வாங்கல்கள்



சென்ற வாரம் இஷா தொழுகைக்குப் பின் ஒரு தந்தை மகனை அழைத்துக்கொண்டு வந்தார். "ஹஜ்ரத், பரீட்சை ஃபீஸுக்கு வைத்திருந்த பணத்தை என் போனிலிருந்து கேமில் போட்டுவிட்டான். இது ஹலாலா, ஹராமா?" என்றார். நான் பையனிடம், "அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டேன். "பெட்டிகள் கிடைத்தன ஹஜ்ரத். நான் கேட்ட துப்பாக்கிதான் எதிலும் வரவில்லை" என்றான்.

மஸ்அலா முழுவதும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

கேமில் விற்பதெல்லாம் ஒரே வகை அல்ல. 2022-ல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டுக்கு 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற கூடுதல் பகுதி வெளிவந்தது. விலை சுமார் 10 டாலர். பாபர், ராஜேந்திர சோழன் உட்பட மூன்று மன்னர்களின் படையெடுப்புகள் அதில் உண்டு. வாங்குபவர் பட்டியலைப் படித்துவிட்டுப் பணம் கட்டுகிறார். 2006-ல் 'ஆப்லிவியன்' விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசம் 2.50 டாலருக்கு விற்றார்கள். பலர் கேலி செய்தார்கள். ஆனாலும் வாங்கியவருக்கு, தான் வாங்குவது கவசம் என்று தெரியும். இத்தகைய வாங்கலில் நாம் கேட்க வேண்டியது, "இது வீண்விரயமா?" என்பதுதான்.

அந்தப் பையன் வாங்கிய பெட்டி வேறு வகை. பணம் நிச்சயம், பொருள் நிச்சயமில்லை. நபி (ஸல்) அவர்கள் 'கரர்' உள்ள வியாபாரத்தை, அதாவது என்ன கிடைக்கும் என்றே தெரியாத விற்பனையைத் தடுத்தார்கள். நீரில் இருக்கும், இன்னும் பிடிபடாத மீனை விற்பதை இதற்கு உதாரணமாக ஃபிக்ஹ் நூல்களில் படிக்கிறோம். லாபமும் நஷ்டமும் குலுக்கலில் தீர்மானமானால் அது 'மைஸிர்', சூது. "எத்தனை சதவீத வாய்ப்பு என்று போட்டிருக்கிறார்களே" என்று வாலிபர்கள் கேட்கலாம். வாய்ப்பை அச்சிட்டுவிட்டால் லாட்டரிச் சீட்டு வியாபாரமாகிவிடுமா? பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையமும் 2018-ல், சில கேம்களில் காசுக்கு விற்கும் இத்தகைய பெட்டிகள் அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று அறிவித்தது.

இன்னொன்று, மனப்பொருத்தம். 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் பட்டன் அமைப்பு, விரும்பாமலே வாங்க வைக்கிறது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 24.5 கோடி டாலர் செலுத்த அந்நிறுவனம் 2022-ல் ஒப்புக்கொண்டது. தந்தைக்குத் தெரியாமல் மகன் செலவிட்ட காசிலும் பணத்துக்கு உரியவரின் சம்மதம் இல்லை.

எனவே மூன்று கேள்விகள். வாங்கும் பொருள் இன்னதென்று தெரியுமா? அது குலுக்கலா? பணத்துக்கு உரியவர் சம்மதித்தாரா?

பெற்றோரே, பிள்ளையை அடிக்காதீர்கள். போனின் பணப் பரிமாற்றத்துக்கு உங்களுக்கு மட்டுமே தெரிந்த பின் நம்பர் போடுங்கள். அந்தப் பையன், பெருநாள் காசிலிருந்து வாப்பாவுக்குத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

நம் பொருளையும் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.