ஸ்டாக் இல்லையா, பதுக்கலா?



பண்டிகை நேரத்தில் ஒரு சாமான் கடையில் கிடைக்கவில்லை என்றால், "எல்லாம் உள்ளே பதுக்கி வச்சிருக்காங்க" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அது எப்போதும் உண்மைதானா? அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நேரத்தில் அடிக்கடி எழும் ஒரு புகாரை வைத்து இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

என்ன புகார்?

டி.வி.யில் இணைத்து விளையாடும் வீடியோ கேம் பெட்டியை நின்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் ஆகிய கம்பெனிகள் செய்கின்றன. நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை அங்கே பெரிய வியாபாரம். அந்த நேரம் பார்த்துப் புதுப் பெட்டி கிடைக்காமல் போகும். கிராக்கியைக் கூட்டக் கம்பெனியே சரக்கை நிறுத்தி வைக்கிறது என்பதுதான் புகார்.

நடந்தது என்ன?

* 2000 அக்டோபரில் சோனியின் பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் வெளியானது. முதல் நாளுக்கு 10 லட்சம் பெட்டி என்றார்கள். உதிரிபாகத் தட்டுப்பாட்டால் 5 லட்சம்தான் அனுப்பினார்கள்.

* 2006 நவம்பரில் நின்டெண்டோவின் 'வீ' சுமார் 250 டாலருக்கு வந்தது. அடுத்த வருடக் கிறிஸ்துமஸுக்கும் அது சுலபமாகக் கிடைக்கவில்லை. பதுக்கல் இல்லை, மாதம் 18 லட்சம் பெட்டி செய்கிறோம் என்றது கம்பெனி. 2007 டிசம்பரில், முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு ஜனவரிக்குள் பெட்டி தருவதாக ஒரு கடைத் தொடர் மூலம் சீட்டும் கொடுத்தது.

* 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வந்தது. கொரோனா காலத்து சிப் தட்டுப்பாட்டால், 2023 ஜனவரியில்தான் "இனி சுலபமாகக் கிடைக்கும்" என்று சோனியால் சொல்ல முடிந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மறைத்து வைத்தால் கம்பெனிக்கு லாபமா? பெட்டியில் பெரிய லாபம் கிடையாது. 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3 செய்த செலவுக்கும் குறைவாகவே விற்கப்பட்டது. காசு வருவது பிறகு விற்கும் கேம்களில். ஒரு பெட்டி விற்காவிட்டால் அதற்கான கேம்களும் விற்காது. காசோடு வந்த தாய் அடுத்த கம்பெனிப் பெட்டியை வாங்கிப் போய்விடுவாள். ஆகவே கிறிஸ்துமஸ் சமயத்தில் சரக்கை முடக்குவது கம்பெனிக்கே நஷ்டம்.

அப்படியானால் லாபம் யாருக்கு? பெட்டிகளை முதலிலேயே வாங்கி, இன்டர்நெட்டில் இரட்டை விலைக்கு விற்ற இடைத்தரகர்களுக்கு. அந்தக் கூடுதல் பணம் கம்பெனிக்குப் போகவில்லை.

கம்பெனி மேல் தப்பே இல்லையா?

இருக்கிறது. போதுமான சரக்கு தயாராகும் முன்பே, பண்டிகையை விடக்கூடாது என்று பெட்டியை வெளியிடுகிறார்கள். கடை வாசலில் நிற்கும் க்யூ அவர்களுக்கு இலவச விளம்பரம். பதுக்கல் வேறு, பத்தாது என்று தெரிந்தே வருவது வேறு. இரண்டாவதில் அவஸ்தைப்படுவது பெற்றோர்கள்தான்.

2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு, அதிகமாகச் செய்து வைப்பதே இடைத்தரகருக்குப் பதில் என்று கம்பெனி முன்பே சொன்னது. முதல் 4 நாளில் 35 லட்சத்துக்கும் மேல் விற்றது. அப்படியும் ஜப்பானில் கம்பெனியின் சொந்த ஆன்லைன் கடையில் மட்டும் சுமார் 22 லட்சம் பேர் குலுக்கலுக்கு விண்ணப்பித்தார்கள். சரக்கு நிறைய இருந்தும் தட்டுப்பாடு வரலாம்.

குழுக் கூட்டத்தில் பேச

1. ஒரு சாமான் கிடைக்காதபோது, "இதனால் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?" என்று கேட்டுப் பார்த்திருக்கிறோமா?

2. பிள்ளை கேட்கிறதே என்று இரட்டை விலை கொடுப்பதா, இரண்டு மாதம் பொறுப்பதா? எதற்குக் கடன் வாங்கலாம்?

3. நம் குழுவின் பொருள் தீர்ந்துபோனால், "இல்லைங்க" என்று மட்டும் சொல்கிறோமா, கிடைக்கும் தேதியையும் சொல்கிறோமா?

தட்டுப்பாடு என்றதும் பதறாமல், முதலில் கணக்கைக் கேட்போம். பர்ஸைப் பிறகு திறப்போம்.