இரவில் வண்டி எங்கே நிற்கும்?

பெட்ரோலா, சிஎன்ஜியா, மின்சாரமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, இரவில் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்பதைத்தான்.

கீழ்த்தளத்தில் உங்கள் மீட்டரோடு சேர்ந்த பிளக் பாயிண்ட் இருந்து, தினம் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டமும் இருந்தால் மின்சார ஸ்கூட்டரையே வாங்குங்கள். 3 கிலோவாட் மணி பேட்டரி நிரம்ப ஏறக்குறைய மூன்றரை யூனிட் போதும். மாடியில் குடித்தனம், வீட்டுக்காரர் ஒயர் இழுக்க விடமாட்டார் என்றால் அந்த யோசனையைத் தள்ளிப்போடுங்கள்.

மானியத்தை நம்பி மட்டும் இறங்க வேண்டாம். 2021 ஜூனில் மின்வண்டிகளுக்கான மத்திய அரசின் ஃபேம் 2 திட்டம் கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாய் கொடுத்தது. மேலே சொன்ன வண்டிக்கு 45,000 வரை கிடைத்தது. 2023 ஜூனில் அதை 10,000 ஆக்கி, வண்டி விலையில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றார்கள். 2024 அக்டோபரில் அதற்குப் பதிலாக பிஎம் இ-டிரைவ் திட்டம் வந்தபோது ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 10,000. 2025-26இல் 5,000. இதற்கிடையே 2025 செப்டம்பரில் 350 சிசி வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. மின்வண்டிக்கு 5 சதவீதம்தான் என்றாலும் இடைவெளி குறைந்துவிட்டது. ஆகவே ஷோரூமில் மானியம் கழிக்காத விலையையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். அந்த விலைக்கும் கட்டுப்படியானால் வாங்கலாம்.

சிஎன்ஜி பைக், போகிற வழியிலேயே பங்க் இருப்பவர்களுக்கு. 2024 ஜூலையில் வந்த பஜாஜ் ஃப்ரீடம் 125இல் 2 கிலோ சிஎன்ஜி, 2 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். காலை நேரத்தில் அந்த பங்க்கில் வரிசை எவ்வளவு நீளம் என்று ஒருநாள் நின்று பாருங்கள்.

பெட்ரோலே போதும் என்பவர்களும் மாற்று எரிபொருளிலிருந்து தப்ப முடியாது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க 2030க்கு வைத்த இலக்கை அரசு முன்னுக்கு இழுத்து 2025இலேயே எட்டிவிட்டது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும், கரும்பு, மக்காச்சோள விவசாயிக்குப் பணம் சேரும் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் மக்காச்சோளம் எத்தனால் ஆலைக்குப் போகப் போக, நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் தீவனத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பழைய இருசக்கர வண்டியில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. அதற்கு ஈடாக லிட்டர் விலையைக் குறைத்திருக்க வேண்டும், குறைக்கவில்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

பெட்ரோல் வண்டி வாங்கினால், இந்தக் கலவையைத் தாங்கும்படி 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டியாகப் பாருங்கள். பழசையே ஓட்டுவதென்றால் டேங்க்கிலிருந்து கீழே வரும் பெட்ரோல் டியூபை விரலால் அழுத்துங்கள். விறைத்தோ வெடித்தோ இருந்தால் அதையும் கேஸ்கெட்டையும் மாற்றச் சொல்லுங்கள்; பெரிய செலவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துபவர்கள் பழைய பெட்ரோலை டேங்க்கில் விட்டுவைக்காதீர்கள்.