பி ஷிப்ட் வீட்டில் ஒரே போன்: பிள்ளையின் படிப்புக்கு எது உதவும்?

ஆரணி என்றதும் பட்டுச்சேலை ஞாபகம் வந்தால், அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நாம் பேசப்போவது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையம் பக்கம் ஆரணி ஆற்றங்கரையில் உள்ள பேரூராட்சி பற்றி. இந்தப் பகுதியிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. பி ஷிப்ட் என்றால் மதியம் இரண்டுக்கு உள்ளே, இரவு பத்துக்கு வெளியே. அப்பாவோடு போனும் போயிடும். சாயங்காலம் பள்ளி விட்டு வரும் பிள்ளையின் புத்தகத்தில் கியூஆர் கோடு இருக்கு. ஸ்கேன் பண்ண போன்தான் இல்ல. தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தை விட்டுவிட்டு, இந்த வீட்டுக்கு எது உதவும் என்று பாருங்கள்.

நம்ம மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பெருமையும் உண்டு. மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று காக்களூரில்தான் தொடங்கியது. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூன் 13 அன்று அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தொடங்கியது. இரண்டாவதில் செயலி ஆசிரியர் கையில் இருக்கிறது. பிள்ளைக்குப் பயிற்சி நூல். சிறு பிள்ளைகளுக்கு இதுதான் சரியான முறை. ஆனால் பதிவு ஏற்றவே நேரம் போயிடுது என்று ஆசிரியர் சங்கங்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது.

திரை மட்டும் இருந்தால் போதுமா என்பதற்குக் கொரோனா காலமே பதில் சொல்லிவிட்டது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. 2019-லேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி பெரிய துணையாக இருந்தது. போன் இல்லாத வீட்டிலும் டிவி இருந்ததே! ஆனால் டிவியிடம் பிள்ளை சந்தேகம் கேட்க முடியாது. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. ஒன்றரை வருஷம் திரையைப் பார்த்த பிள்ளைகளுக்கு, கடைசியில் தெருவுக்கே தன்னார்வலர்களை அனுப்ப வேண்டியிருந்தது.

இப்போ உங்க வீட்டுக்கு வருவோம். தீக்‌ஷா செயலியைப் போட்டு, வாரியத்தில் தமிழ்நாடு, பிறகு பயிற்று மொழி, வகுப்பு தேர்ந்தெடுங்கள். கணக்குத் தொடங்காமலே பார்க்கலாம். இரவு வேலை முடிந்து வந்ததும், அன்றைய டேட்டா மிச்சமிருந்தால், அடுத்த பாடத்தின் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி வீடியோவை டவுன்லோட் செய்து வைங்க. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் நெட் இல்லாமலே பத்து நிமிஷம் ஓடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்கு 2023-ல் வந்த மணற்கேணி செயலி உண்டு. வீடியோவை நிறுத்தி, "இப்ப என்ன சொன்னாங்க?" என்று பிள்ளையைக் கேளுங்க. உங்களுக்கு அந்தப் பாடம் தெரியணும்னு அவசியமில்ல.

தொல்லை எங்கே வருகிறது தெரியுமா? பாடத்துக்கு அடுத்த வீடியோவில். யூடியூபில் தானாக ஓடும் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களின் செட்டிங்ஸில், பாதுகாப்புப் பகுதியில், ஆப் பின்னிங் என்று இருக்கும். அதையும், அதில் ரகசிய எண் கேட்கும் வசதியையும் ஆன் செய்து, செயலியைப் பின் செய்து போனைக் கொடுத்தால், ரகசிய எண் இல்லாமல் அந்தச் செயலியை விட்டு வெளியே வர முடியாது. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வருகிறதா? பி ஷிப்ட் வீட்டில் அதைப் பிள்ளை பார்க்கவே வழியில்லை. நோட்டிலும் எழுதிப்போடச் சொல்லி வகுப்பாசிரியரிடம் தயங்காமல் கேளுங்க.

பணம் கட்டும் படிப்புச் செயலிகளில் கூடுதல் கவனம் தேவை. "முதல் மாசம் இலவசம்" என்று சேர்த்துவிட்டு, பிறகு கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் முறை குறித்து மத்திய கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் எச்சரித்தது. உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியை இன்னைக்கே திறந்து பாருங்க. தேவையில்லாதது இருந்தால் ரத்து செய்யலாம். பாடநூல்களோ பாடநூல் கழகத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

பள்ளிக்கல்வி பற்றிய சந்தேகங்களுக்கு 14417 என்ற எண்ணில் கேட்கலாம். அதற்கு ஸ்மார்ட்போன்கூட வேண்டாம், பட்டன் போன் போதும்.